இருட்டறை இல்லாத கிளினிக்

எங்கள் வீட்டுக் கூடத்தில் கதவை ஒட்டி ஒரே பலகையில் ஏழு சுவிட்சுகள் இருக்கின்றன. வீடு கட்டிப் பதினெட்டு வருடமாகிறது. இன்றும் வாசல் விளக்கைப் போடக் கையை நீட்டுகிறவர்கள், ஈசிசேரில் கண்ணயர்ந்திருக்கும் அப்பாவின் தலைக்கு மேல் ஓடும் விசிறியை நிறுத்திவிடுகிறார்கள். விருந்தாளிகள் மட்டுமல்ல, அந்த வீட்டிலேயே வளர்ந்த பிள்ளைகளும்தான். எலக்ட்ரீசியன் வந்து டெஸ்டரை வைத்துப் பார்த்தால் ஏழிலும் குறை கிடையாது. அழுத்தினால் எரிய வேண்டியது எரிகிறது, சுற்ற வேண்டியது சுற்றுகிறது. பிறகு பிழை எங்கே?

"பார்த்துப் போடக்கூடாதா?" என்று கையை நீட்டியவர்மேல் பழியைப் போடுவது சுலபம். ஆனால் பதினெட்டு வருடமாகப் பலரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறுகிறார்கள் என்றால், அதைக் கவனக்குறைவு என்று தள்ள முடியாது. கூரையில் விசிறிகள் இருக்கும் வரிசைக்கும் பலகையில் சுவிட்சுகள் இருக்கும் வரிசைக்கும் சம்பந்தமே இல்லை. டெஸ்டர் சுவிட்சைச் சோதிக்கும். சுவிட்சும் கையும் சேர்ந்து செய்யும் வேலையைச் சோதிக்க அதற்குத் தெரியாது.

வீட்டில் இதனால் கெடுவது கொஞ்ச நேரத் தூக்கம். நோயைக் கண்டுபிடிக்க உதவும் மென்பொருளிலும் இதே வகைப் பிழை ஒளிந்திருக்கும். அங்கே கெடுவது வேறு.

நோயாளியின் அறிகுறிகளையும் பரிசோதனை முடிவுகளையும் வாங்கிக்கொண்டு, "இது இன்ன நோயாக இருக்கலாம், இதையும் யோசித்துப் பாருங்கள்" என்று மருத்துவருக்குச் சொல்லும் மென்பொருளை நோயறி துணைமென்பொருள் என்று அழைக்கலாம். முடிவெடுப்பது மருத்துவர், மென்பொருள் பக்கத்தில் நின்று யோசனை சொல்லும். செயற்கை நுண்ணறிவு என்ற பேச்சு நம் காதில் விழுவதற்கு வெகுகாலம் முன்பே இவை வந்துவிட்டன.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பல் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1972இல் வெளியிட்ட ஆய்வு அவற்றில் புகழ்பெற்றது. கடும் வயிற்றுவலியோடு வருகிறவருக்கு வந்திருப்பது குடல்வால் அழற்சியா, பித்தப்பைக் கோளாறா, குடல் அடைப்பா, தானே சரியாகிவிடும் வலியா என்று கணினி கணித்துச் சொல்லும். அது எப்படிக் கணிக்கிறது? விடிகாலை ஐந்தரைக்கு அழைப்புமணி அடித்தால் பால்காரர் என்று நினைக்கிறோம். அந்த நேரத்தில் வழக்கமாக வருகிறவர் அவர்தான். மணி இரண்டு மூன்று முறை விடாமல் அடித்தால் சந்தேகம் வருகிறது. கூடவே கார்க்கதவு சாத்தும் சத்தமும் கேட்டால், ஊரிலிருந்து யாரோ வந்துவிட்டார்கள் என்று எழுந்து உட்காருகிறோம். முதலில் ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது; கிடைக்கும் ஒவ்வொரு அடையாளமும் அதைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. லீட்ஸ் கணினி வயிற்றுவலிக்குச் செய்தது இதைத்தான். 304 நோயாளிகளில் அது 91.8 சதவீதம் பேருக்குச் சரியாகச் சொன்னது. அவர்களைப் பார்த்த மருத்துவர்களில் மிக மூத்தவரின் கணக்கு 79.6 சதவீதம்.

செய்தி இத்தோடு முடிந்திருந்தால் "மருத்துவரை வென்ற கணினி" என்று தலைப்பு வைத்துவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. சோதனை நடந்துகொண்டிருந்த காலத்தில் மருத்துவர்களே முன்பைவிடச் சரியாகக் கணிக்க ஆரம்பித்தார்கள். கணினிக்குத் தகவல் கொடுப்பதற்காக ஒரு படிவத்தை அவர்கள் நிரப்ப வேண்டியிருந்தது. வலி எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது, எது செய்தால் கூடுகிறது என்று ஒன்று விடாமல் கேட்டு எழுத வேண்டும். தங்கள் கணிப்பு சரியா தவறா என்ற செய்தியும் தவறாமல் அவர்களுக்குத் திரும்பி வந்தது. பிறகு பிரிட்டனில் 8 மையங்களில் 250க்கும் மேற்பட்ட மருத்துவர்கள், 16,737 நோயாளிகள் என்று பெரிய அளவில் செய்து பார்த்து 1986இல் முடிவை வெளியிட்டார்கள். மருத்துவர்களின் முதல் கணிப்பு சரியாக இருந்த விகிதம் 45.6இலிருந்து 65.3 சதவீதமாக உயர்ந்தது. குடல்வால் அழற்சி உள்ளவர்களில் அது வெடிக்கும்வரை போனவர்களின் விகிதம் 23.7இலிருந்து 11.5ஆக இறங்கியது. இதில் கணினியின் பங்கு எவ்வளவு, படிவத்தின் பங்கு எவ்வளவு, திரும்பி வந்த தகவலின் பங்கு எவ்வளவு? பிரித்துச் சொல்வது கடினம். மென்பொருளும் மனிதரும் காகிதமும் சேர்ந்துதான் அங்கே நோயைக் கண்டுபிடித்தார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1970களில் உருவான மைசின். கிருமித்தொற்றுக்கு எந்த மருந்து கொடுக்கலாம் என்று யோசனை சொல்லும் நிரல் அது. மூளைக்காய்ச்சல் நோயாளிகள் 10 பேரின் விவரத்தை வைத்து நடத்திய தேர்வின் முடிவு 1979இல் வந்தது. எது யாருடைய பரிந்துரை என்று தெரியாமல் 8 நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். மைசினுக்கு 65 சதவீத ஏற்பு. அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியர்களுக்கு 42.5 முதல் 62.5 வரை. பேராசிரியர்களை மிஞ்சிய அந்த நிரல் ஒரு வார்டில்கூட அன்றாட வேலைக்கு வரவில்லை. காரணங்கள் பல உண்டு. அவற்றில் ஒன்று மிகச் சாதாரணமானது: கேள்விமேல் கேள்வியாக அது கேட்பதற்கெல்லாம் விசைப்பலகையில் பதிலைத் தட்டி முடிக்க அரைமணி நேரம் வேண்டும். பத்து நோயாளிகள் காத்திருக்கும்போது எந்த மருத்துவருக்கு அந்த அரைமணி கிடைக்கும்?

துல்லியம் என்பது மென்பொருளின் குணம். அதைத் தனியே உட்கார வைத்து அளந்துவிடலாம். நாம் பேச வந்தது இன்னொன்று. இன்ன மனிதர், இன்ன இடத்தில், இன்ன வேலையைச் செய்ய முயலும்போது அது முடிகிறதா, எவ்வளவு பாடுபட்டு முடிகிறது, மறுநாளும் அதைத் தொட மனம் வருகிறதா என்பது. இதற்குப் பயன்படுதன்மை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். 'எளிமை' என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். திரையில் இரண்டே பொத்தான்கள் இருக்கும். பார்க்க எளிமையாக இருக்கும். தவறானதை அழுத்தவும் அது எளிமையாக இருக்கும்.

பயன்படுதன்மையை எப்படி அளப்பது? பயன்படுத்துகிறவரைக் கேட்டுவிடலாமே என்று முதலில் தோன்றும். கல்யாணப் பந்தியில் கைகழுவ எழுந்தவரிடம் "சாப்பாடு எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "பிரமாதம்" என்பார். தொழில் தெரிந்த சமையல்காரர் அந்தப் பதிலை வாங்கிக்கொள்வார், ஆனால் நம்பமாட்டார். எழுந்து போனவர்களின் இலைகளைப் பார்ப்பார். கூட்டு தொடப்படாமல் கிடந்தால் உப்பு ஏறிவிட்டது. பாயசம் மிச்சமில்லாமல் வழித்திருந்தால் அது நிஜமாகவே பிரமாதம். மென்பொருளைச் சோதிக்கிறவர்களும் இலையைத்தான் பார்க்கிறார்கள்.

ஒரு மருத்துவரையோ செவிலியரையோ மென்பொருளின் முன்னால் உட்காரவைத்து, ஒரு நோயாளியின் விவரத்தைக் கையில் கொடுப்பார்கள். "இவருக்கு என்னவென்று இதை வைத்துப் பாருங்கள். செய்யும்போது மனதில் ஓடுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்" என்பார்கள். உரக்கச் சிந்தித்தல் என்ற முறை இது. உளவியலாளர்கள் மனதின் போக்கை ஆராயக் கையாண்டதை 1980களில் கணினி ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். "வயதை எங்கே போடுவது... இங்கேயா... சரி. சிவப்பில் ஏதோ வருகிறது, நான் என்ன தப்பு செய்தேன்?" இப்படிப் போகும் பேச்சு. சோதிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்வார். எங்கே கை தயங்கி நின்றது, எந்தப் பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்ப வந்தார், எந்த எச்சரிக்கையைப் படிக்காமலே மூடினார்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு, கடைப்பிடிக்க அதுதான் மிகவும் கஷ்டம். உதவக்கூடாது. ஒருவர் கண்ணெதிரே திண்டாடும்போது "இதோ, இதை அழுத்துங்கள்" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் அன்றைய சோதனை வீண். நள்ளிரவு அவசரப் பிரிவில் அந்த மருத்துவரின் பக்கத்தில் சொல்லித்தர யாரும் இருக்கப்போவதில்லை.

எத்தனை பேரை வைத்துச் சோதித்தால் போதும்? ஆயிரம் பேர் வேண்டும் என்று நினைப்போம். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா ஒரு பார்வை பார்த்துக் கொஞ்சம் பொறுக்குகிறாள். அடுத்து அத்தை வாங்கிப் பார்த்தால் இன்னும் சில அகப்படும். ஐந்தாவது ஆள் உட்காரும்போது அவர் கண்ணில் படக்கூடியவற்றில் பெரும்பாலானதை முன்னவர்கள் எடுத்திருப்பார்கள். யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டோவரும் 1993இல் இதைக் கணக்காகப் போட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த திட்டங்களில் ஒரு பயனர் சராசரியாகக் குறைகளில் 31 சதவீதத்தை வெளிக்கொண்டு வந்தார். அந்த விகிதத்தில் போனால் ஐந்து பேரிலேயே ஏறக்குறைய 85 சதவீதம் தெரிந்துவிடும்.

கேட்க இனிமையான கணக்குதான், ஆனால் அது சராசரி. லாரா ஃபாக்னர் என்ற ஆய்வாளர் 60 பேரைச் சோதித்து, அவர்களிலிருந்து ஐவர் ஐவராகக் குருட்டாம்போக்கில் பிரித்துப் பார்த்து 2003இல் எழுதினார். சில ஐவர் குழுக்கள் 99 சதவீதக் குறைகளைப் பிடித்தன. சில குழுக்கள் 55 சதவீதத்தோடு நின்றுவிட்டன. சமையலறையில் தப்பிய கல் பல்லில் கடிபடும், அவ்வளவுதான். மருத்துவக் கருவிக்கு அந்தத் தாராளம் ஆகாது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகத்துறை 2016இல் தந்த வழிகாட்டுதல், இறுதிச் சோதனையில் ஒவ்வொரு வகைப் பயனரிலும் குறைந்தது 15 பேரையாவது வைக்கச் சொல்கிறது. 'ஒவ்வொரு வகை' என்பதைக் கவனிக்க வேண்டும். பெருநகர மருத்துவமனையின் நிபுணர் 15 பேர் தேறிவிட்டதால், ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரும் தேறுவார் என்று ஆகாது.

சோதிக்க வேண்டியவற்றில் பலரும் மறக்கும் ஒன்று, மென்பொருள் தவறும்போது மனிதர் என்ன செய்கிறார் என்பது. இதயத்துடிப்பின் வரைபடத்தோடு கணினியின் விளக்கத்தையும் சேர்த்து, பயிற்சியில் இருந்த 30 மருத்துவர்களிடம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2003இல் வந்தது. கணினி சரியாகச் சொன்ன இடங்களில் அவர்கள் தேறினார்கள். கணினியின் விளக்கம் தவறாக இருந்த இடங்களில், தனியாகப் பார்த்திருந்தால் விழாத பள்ளத்திலும் பலர் விழுந்தார்கள். எதிர்ப்பக்கம் இன்னொரு நோய் உண்டு. நம் ஊர்ச் சாலையில் ஹார்ன் சத்தத்துக்கு யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? எந்நேரமும் அடித்துக்கொண்டே இருப்பதால் காது அதை விலக்கிவிட்டது. மருந்துகளைப் பற்றி மருத்துவமனைக் கணினிகள் எழுப்பும் எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம்வரை மருத்துவர்கள் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று 2006இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. எச்சரிக்கைச் சலிப்பு என்று இதைச் சொல்லலாம். ஒரே மனிதர் காலையில் இயந்திரத்தை அளவுக்கு மீறி நம்பவும் மாலையில் அது கத்துவதைக் காதில் வாங்காமலிருக்கவும் முடியும். எந்தத் திரை எதைத் தூண்டுகிறது என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அதிலும், எங்கே உட்கார்ந்து பார்க்கிறோம் என்பது முக்கியம். இதை எனக்குப் புரியவைத்தது கண் சம்பந்தமான ஒரு வரலாறு. அது பாதி நம் ஊரிலிருந்து தொடங்குகிறது.

நீரிழிவு நெடுநாள் இருந்தால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பழுதாகி, புடைத்துக் கசிய ஆரம்பிக்கும். வலி இருக்காது, தொடக்கத்தில் பார்வையும் மங்காது. மங்கும்போது நாள் கடந்திருக்கும். அதனால் நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். விழித்திரையின் படத்தைப் பார்த்தே இந்த நோயைச் சொல்லும் நிரல் ஒன்றைக் கூகுள் ஆய்வாளர்கள் உருவாக்கி 2016இல் வெளியிட்டார்கள். அதைப் பழக்கிய 1,28,175 படங்கள் அமெரிக்காவிலிருந்தும் இந்தியாவின் மூன்று கண் மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் அவற்றில் ஒன்று, சென்னை சங்கர நேத்ராலயா இன்னொன்று. 54 கண் மருத்துவர்கள் அந்தப் படங்களைத் தரம்பிரித்துக் கொடுத்தார்கள். நோய் தப்பிவிடாதபடி நிரலை முடுக்கி வைத்தபோது, நோயுள்ள நூறு படங்களில் ஏறக்குறைய 97ஐ அது பிடித்தது. நோயற்றவற்றில் 93க்கும் மேற்பட்டதைச் சரியாக விலக்கியது. பிடிக்கும் திறனும் விலக்கும் திறனும் ஒருசேர இவ்வளவு உயரத்தில் இருப்பது பெரிய விஷயம். வலைக்கண் சின்னதானால் குப்பையும் சேர்ந்து வரும், பெரிதானால் மீன் நழுவும்.

இந்த நிரலுக்குத் தாய்லாந்தில் பெரிய தேவை இருந்தது. அப்போது அங்கே 45 லட்சம் நீரிழிவு நோயாளிகளுக்குச் சுமார் 200 விழித்திரை நிபுணர்கள். ஊர் கிளினிக்கில் செவிலியர் படமெடுத்து எங்கோ இருக்கும் நிபுணருக்கு அனுப்புவார். முடிவு வரப் பத்து வாரம்வரை ஆகலாம். அந்நாட்டின் 25,000க்கும் மேற்பட்ட பழைய படங்களில் நிரலை ஓட்டிப் பார்த்தபோது, அங்கே படங்களைத் தரம்பிரித்து வந்தவர்களைவிட அது நன்றாகவே பிடித்தது. டெஸ்டரில் விளக்கு எரிந்துவிட்டது. இனிப் பலகையைப் பார்க்க வேண்டும்.

2018 நவம்பருக்கும் 2019 ஆகஸ்டுக்கும் இடையில் எம்மா பீட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பதும் தானி, சியாங் மாய் மாகாணங்களில் 11 கிளினிக்குகளுக்குப் போய், செவிலியர்களின் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். நிரலை எழுதிய நிறுவனத்தின் ஆட்களே தங்கள் நிரல் தடுமாறுவதைப் பார்த்து, மறைக்காமல் 2020இல் எழுதியதை மதிக்கிறேன்.

அவர்கள் கண்டது என்ன? கருவிழிக்குள் இருக்கும் பாவை விரிந்தால்தான் விழித்திரைப் படம் தெளிவாக விழும். சொட்டு மருந்து விடாமல் எடுப்பதால் அறை இருட்டாக இருக்க வேண்டும். 11 கிளினிக்குகளில் இரண்டில்தான் இருட்டாக்கிக்கொள்ளத் தோதான தனி அறை இருந்தது. மற்றவற்றில் விளக்கு எரியும் கூடத்தில், வேறு வேலைகளும் நடக்கும் இடத்தில், படம் எடுக்க வேண்டும். நிரலோ தெளிவில்லாத படத்தைத் தொடாது. மங்கலில் நோயைத் தவறவிடக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த கட்டுப்பாடு அது. முதல் மாதங்களில் உள்ளே போன 1,838 படங்களில் 21 சதவீதத்தை அது திருப்பிவிட்டது. படத்தின் ஓரத்தில் மங்கலும் நடுவே தெளிவும் இருந்தால், அனுபவமுள்ள செவிலியர் நடுவே பார்த்தே சொல்லிவிடுவார். நிரலுக்கு அந்த நெகிழ்வு இல்லை. திருப்பப்பட்டவர், நோய் இருக்கிறதோ இல்லையோ, கண் மருத்துவரை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. போகும் இடம் தூரம். ஒருநாள் கூலி போகும். அதனால் சில கிளினிக்குகளில் செவிலியர்களே நோயாளிகளிடம் இந்த ஆய்வில் சேர வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

இணையம் இன்னொரு முடிச்சு. படம் தொலைவிலுள்ள கணினிக்குப் போய்வர வேண்டும். வேகம் இல்லாத இடங்களில் ஒவ்வொரு படமும் ஏற ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. விடிகாலை ஆறு மணியிலிருந்து ஜனங்கள் காத்திருக்க, முதல் இரண்டு மணி நேரத்தில் பத்தே பேரைத்தான் பார்க்க முடிந்தது என்று ஒரு செவிலியர் சொல்லியிருக்கிறார்.

குறைகள் மட்டுமே தெரியவந்தன என்றில்லை. முடிவு உடனே கிடைத்த இடங்களில் நோயாளியை எதிரில் வைத்துக்கொண்டே சர்க்கரையைப் பற்றிப் பேச முடிந்தது. சிலர் தங்கள் கணிப்பையும் நிரலின் கணிப்பையும் ஒப்பிட்டுத் தங்களுக்கே பாடம் எடுத்துக்கொண்டார்கள். லீட்ஸ் படிவத்தை நிரப்பிய மருத்துவர்களின் ஞாபகம் எனக்கு வந்தது இங்கேதான்.

மேசையில் எவ்வளவு நேர்த்தியாகச் சோதித்திருந்தாலும் இதில் எதுவும் தெரிந்திருக்காது. அலுவலக அறையில் வெளிச்சம் வேண்டியபடி இருக்கும், இணையம் பாயும், எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு அன்றைய கூலி போகாது. களத்தில் இருந்து பார்த்த பிறகு ஏற்பாட்டை மாற்றினார்கள். நிரல் திருப்பும் படத்துக்குரியவரை நேரே தூரத்து மருத்துவமனைக்கு அனுப்புவதை விட்டு, அந்தப் படத்தையும் அவருடைய மருத்துவக் குறிப்பையும் முதலில் ஒரு கண் மருத்துவர் பார்ப்பது என்று வைத்தார்கள். அதற்கு நிரலின் துல்லியத்தை ஒரு புள்ளிகூடக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. தாய்லாந்தில் ஒன்பது ஆரம்ப சுகாதார மையங்களில் சுமார் 7,900 பேரிடம் தொடர்ந்து நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. துல்லியம் 94.7 சதவீதம். அந்தப் படங்களையும் மனிதக் கண்கள் கூடவே பார்த்துக்கொண்டிருந்தன.